கீறாத கூண்டு

அவர் யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்கமாட்டார். திருவண்ணாமலை கோர்ட்டில் அமீனாவாக வேலை பார்த்தவருக்கு இது கஷ்டமான விரதம். அமீனாவின் பிழைப்பே அடுத்தவர் வாசலில்தான். சம்மன் கொடுக்க வேண்டும், ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்ட வேண்டும், தீர்ப்பான வீட்டிலிருந்து சாமான்களை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் சைக்கிளை விட்டு யார் இறங்கினாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். வந்த காரியம் அப்புறம். வீட்டைப் பூட்ட வந்தவனுக்கும் இதே வரிசைதான். சொம்பு நீண்டதும் அவர் தன் சைக்கிளைக் கைகாட்டுவார். அதன் சட்டத்தில் ஒரு பாட்டில் நின்றுகொண்டிருக்கும்.

"இருக்குதுங்க," என்பார். அதோடு சரி.

தொண்ணூறுகளில் நான் ஒரு நாளிதழுக்கு மாவட்டச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். கோர்ட் என் தினசரிப் பாதையில் இருந்தது. ஒரு நிலத் தகராறுக்காக அவரோடு ஒரு கிராமத்துக் காலனிக்குப் போயிருந்தபோது, சொம்போடு வந்த பெரியவர், இவர் பாட்டிலைக் கைகாட்டியதும் கையை உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏன், எங்க வூட்டுத் தண்ணி எறங்காதா?"

"எந்த வூட்டுத் தண்ணியும் எறங்காது. போன வாரம் உங்க ஊர்ப் பெரிய மனுஷன் வூட்லயும் குடிக்கல. போய் கேட்டுப் பாருங்க."

"அங்கயும் குடிக்கலையா?" பெரியவர் முகம் மெல்ல மாறியது. "கோவம் வந்தா அந்தாளுக்கு தெலுங்குதான் வரும், திட்டியிருப்பானே!"

"திட்டினாரு."

"அப்போ செரி. எங்க கையெழுத்து போடணும், காட்டு."

திரும்பி வரும்போது இதை நான் பாராட்டிச் சொன்னேன். அவர் சைக்கிளை மிதித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது பேப்பர்ல வருமா?"

எதற்கும் இதையே கேட்பார். இன்று வெயில் ஜாஸ்தி என்று சொன்னால், யார் சொன்னார்கள் என்று கேட்பார். சட்டைப் பையை ஊக்கு குத்தி மூடியிருப்பார். டீக்கடையில் சுவரில் முதுகு படும் இடத்தில்தான் உட்காருவார். டீ மட்டும் குடிப்பார், கண்ணெதிரே கொதிக்கிறது என்பதால். அதிலும் இரண்டு கிளாஸ் வந்தால், எனக்கு வைத்ததை அவர் எடுத்துக்கொண்டு அவருக்கு வைத்ததை என் பக்கம் தள்ளிவிடுவார். முதலில் எனக்கு இது அவமானமாகப் பட்டது. பிறகு, என்னை அவர் ஒரு காவலாக வைத்திருக்கிறார் என்று புரிந்தது. அவருக்கு ஏதாவது வைத்திருந்தால் முதலில் நான் சாவேன்.

இதற்கெல்லாம் காரணமாக அவர் சொன்னது ஒரு மோர்க் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்தில் ஒரு வீட்டைப் பூட்டப் போனார். வீட்டுக்காரி அழாமல், சண்டை போடாமல், மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். பூட்டினார். அன்றிலிருந்து வாந்தி. உடம்பு பாதியாகிவிட்டது. "மருந்து வச்சிட்டாங்க" என்று வீட்டார் சொல்ல, மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அந்த ஆள் இவர் வயிற்றில் ஒரு குழாயை வைத்து வாயால் உறிஞ்சித் துப்பினார். கறுப்பாகப் புளியங்கொட்டை அளவில் ஏதோ வந்து விழுந்தது.

இந்தக் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை மோரில் ஒரு வாடை இருந்தது. இன்னொரு தடவை வாடையே இல்லை, வீட்டுக்காரிதான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்பு உருண்டை மட்டும் எப்போதும் அதே அளவு. ஒருநாள் கேட்டேன்:

"மருந்து எடுத்தவரு அந்த உருண்டைய முன்னாடியே வாயில வச்சிருந்திருந்தா?"

அவர் சட்டைப் பை ஊக்கைக் கழற்றி மறுபடி குத்தினார். பிறகு, "இத நீங்க அப்பவே கேட்டிருக்கணும்," என்றார். அந்த வாரம் முழுக்க என்னோடு டீ குடிக்கவில்லை.

வெளியூர்களில் சைக்கிள் கண்ணுக்கு எதிரே வாசலில்தான் நிற்கும். அவருக்குப் பயம் கோர்ட்டில்தான். சைக்கிளை வளாகத்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு உள்ளே போனால் வெளியே வர நேரமாகும். பாட்டிலைப் பையில் வைத்து எடுத்துப் போகலாமே என்று கேட்டேன். ஒருமுறை வைத்தாராம். தண்ணீர் கசிந்து சம்மன்களில் மை கலங்கி, மெமோ வாங்கியிருக்கிறார். மூடியில் நூல் கட்டிப் பார்த்தார். பாதைக் குலுக்கலில் நூல் தானாக அறுந்தது. அப்புறம்தான் ஒரு நீல பாட்டிலைக் கண்டுபிடித்தார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் சாமான்களை விற்கும் ஒரு கடை இருந்தது. டார்ச், உள்ளே படுத்துத் தூங்கும் பை, மலையேறும் ஷூ, ஒரு பாதி புல்லாங்குழல். அங்கே கிடைத்தது அந்த அலுமினிய பாட்டில். மேலே வழவழவென்று நீலப் பூச்சு. அதை எனக்கு ஒரு தடயம் போலக் காட்டினார்.

"ஸ்டீல்ல கீறல் விழுந்தா தெரியாது, கலந்துடும். பிளாஸ்டிக்ல வாங்கும்போதே கீறல். இதுல பாருங்க. நகம் பட்டாக்கூட வெள்ளையா பல்லக் காட்டும். எவனாவது கை வச்சான், காலி."

அதாவது கீறல் விழக்கூடாது என்பது பாட்டிலின் அழகுக்காக அல்ல. கீறல் விழுந்தால் அது மனிதக் கையால் மட்டுமே விழுந்ததாக இருக்க வேண்டும். சைக்கிளும் கீறினால் சாட்சியம் கெட்டுவிடும்.

சைக்கிளில் பாட்டிலைச் செருகும் அந்தச் சாமானைக் கடைக்காரர்கள் ஹோல்டர் என்பார்கள். அவர் கூண்டு என்பார். தேரடித் தெருக் கடையில் வாங்கிய கம்பிக் கூண்டு முதல் நாளே நீலத்தில் கோடு கோடாக இழுத்துவிட்டது. பழுதான பாட்டிலை வீட்டில் சோதனைக்கு வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக் கடையில் அதேபோல் இன்னொரு பாட்டில் வாங்கினார். புதியதைக் கைக்குட்டையில் சுற்றிப் பூட்டி வைத்தார். பழையதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். ஒவ்வொரு கூண்டிலும் செருகுவார், எடுப்பார், வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பிப் பார்ப்பார், தலையாட்டுவார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார், பாட்டிலுக்குக் கூண்டு பாக்கறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறீங்களா?"

"மாப்பிள்ள எப்பவாவதுதான் உரசுவான். இது தெனம் உரசும்."

கம்பியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். கீறவில்லை, ஆனால் ரப்பரின் கறுப்பு நீலத்தில் ஒட்டியது. அழித்தால், யாரோ அழித்ததாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம் வந்தது. துணி சுற்றினார். மழையில் நனைந்த துணியில் கிரிவலப் பாதையின் மண் ஒட்டி, உப்புக்காகிதம் போல ஆகி, கம்பியைவிட மோசமாகத் தேய்த்தது. கூண்டு தளர்வாக இருந்தால் பாட்டில் ஆடும், ஆடினால் நடுவில் தூசி போகும், தூசிதான் கீறும் என்பதை அவர் கண்டுகொண்டபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசியில் செங்கம் ரோட்டுக் கடையிலேயே, யாரோ கழற்றிப் போட்ட சைக்கிளிலிருந்து, ஒரே வார்ப்பாக வந்த தடித்த பிளாஸ்டிக் கூண்டு ஒன்று கிடைத்தது. பாட்டிலை இறுக்கிப் பிடித்தது.

அதையும் நம்பவில்லை. பாட்டில் முழுக்க விபூதியைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, கூண்டில் செருகி, கோர்ட்டைச் சுற்றி ஓட்டினார். எடுத்துப் பார்த்தபோது அடிப்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் விபூதி தேய்ந்திருந்தது. அங்கே கூண்டில் ஒரு பிசிறு. பிளேடால் சீவினார். மறுபடி பூசினார், மறுபடி ஓட்டினார். இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர், சைக்கிள் நிறுத்தத்தை நடத்திய அம்மாள்.

நடுத்தர வயது, உரத்த குரல், பல்லிடுக்கில் எப்போதும் ஒரு துண்டுப் பாக்கு. கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்காக வேப்ப மரத்தடியில் ஒரு பானை தண்ணீரும் வைத்திருந்தார். படுத்த படுக்கையான கணவருக்கும் தனக்கும் அந்த நிறுத்தம்தான் சோறு. கோர்ட்டில் அமீனாக்களுக்கு மேலதிகாரியை நாசர் என்பார்கள்; அந்த நாசர் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தம் வேறு கைக்குப் போய்விடும்.

"பாத்தீங்களா பேப்பர்கார சார்," என்றார் அந்த அம்மாள், என்னிடம் குரலைத் தாழ்த்தி. தாழ்த்திய குரலே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். "பாட்டிலுக்குப் பட்டை போடறாரு அமீனா. எவனுக்கு ஏவி விடறதுக்கோ. எதுக்கும் நீங்க அந்தாளோட டீ குடிக்காதீங்க."

ஊர் அவரைப் பற்றி இப்படித்தான் நினைத்தது. மருந்துக்குப் பயந்தவர், மருந்து வைக்கிறவராகி நின்றார்.

அதன்பின் சில மாதங்கள் பாட்டிலில் ஒரு கோடுகூட இல்லை. சாயங்காலம் வெளியே வந்ததும் பாட்டிலை உருவி, மலைப்பக்கம் சரியும் வெயிலில் பிடித்து மெதுவாகச் சுற்றுவார். "ஒண்ணும் இல்ல," என்று தனக்கே சொல்லிக்கொண்டு குடிப்பார். அந்த நாட்களில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஒருமுறை கிளாஸை மாற்றாமலே டீயைக் குடித்தார். நான் கவனித்ததைக் கவனித்ததும் மீதியை வைத்துவிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம் நிறுத்தத்தில் சத்தம். போய்ப் பார்த்தபோது அவர் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தார். கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை போல வளையும் இடத்தில், சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

"கூண்டு இங்க படவே படாது. இன்னிக்கு வண்டி வேற எங்கயும் நிக்கல. காலைலேந்து இங்கதான். நாசர்கிட்ட சொல்லாம வுடமாட்டேன்."

"அய்யோ, நா ஏன் சார் உங்க பாட்டில..."

"ஏன்னா? கீழ்பென்னாத்தூர்ல உங்க அண்ணன் வூட்ட காலி பண்ணது யாரு? நான்தான். இத்தினி வருஷமா அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருப்பியா நீ? கேக்கல. கேக்கறவள நம்பலாம்."

சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கைத் துப்பிவிட்டு, மலையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"அண்ணாமலையார் மேல சத்தியமா சொல்றேன். அந்தக் கீறல நா போடல." என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க நாலும் பாக்கறவரு. நீங்களே பாத்து சொல்லுங்க. நாசர் காதுக்குப் போச்சுன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது."

கோர்ட்டில் உட்கார்ந்து பழகிய காது எனக்கு. 'அந்தக் கீறல' என்றுதான் சொன்னார். பாட்டிலைத் தொடவில்லை என்று சொல்லவில்லை. இது என்னை உறுத்தியது. ஆனால் அந்த நேரத்தில் கண் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமீனாவின் வலது மணிக்கட்டில் ஒரு செம்புக் காப்பு. அதற்கு முந்தைய வாரம் அது இல்லை.

"பாட்டில கூண்டுல வைங்க," என்றேன். "எப்பவும் எடுக்கற மாதிரி எடுங்க. மெதுவா."

வைத்தார். குனிந்தார். கழுத்தைப் பிடித்துத் தூக்கியபோது காப்பு மணிக்கட்டிலிருந்து சரிந்து நீலத்தின் மேல் விழுந்தது. மேலே வந்த பாட்டிலில் முதல் கோட்டுக்குப் பக்கத்தில், அதே சாய்வில், இரண்டாவது கோடு.

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"காப்பு எங்க வாங்கினது?" என்று கேட்டேன்.

"அடி அண்ணாமலைல. பௌர்ணமிக்கு ஒருத்தன் போட்டு வுட்டான். செய்வினை அண்டாதுன்னான்." அவர் கோடுகளை விரலால் தடவினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்கள் சுருங்கியிருந்தன.

"அவன் ஏன் என்னப் பாத்து இதக் குடுத்தான்? அத்தினி கூட்டத்துல?" என் பக்கம் திரும்பி, "போன வாரம் என் கையில காப்பு இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாசரிடம் அவர் போகவில்லை. காப்பு இடது கைக்கு மாறியது. சைக்கிள் மறுநாளிலிருந்து நிறுத்தத்துக்கு வராமல், கோர்ட்டில் அவர் உட்காரும் அறையின் ஜன்னலுக்கு நேரே நின்றது. என்னோடு டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டார். நான் நிரபராதியைக் காப்பாற்றியதாக அந்த அம்மாள் ஊரெல்லாம் சொன்னார். என் சைக்கிளுக்கு அதன்பின் எப்போதும் நிழலான இடம்.

'அந்தக் கீறல' என்ற சொல்லை நான் மறக்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டது இரண்டாயிரத்துக்கு அப்புறம், நான் வேலூருக்கு மாற்றலாகிப் போகும் நேரத்தில், விடைபெற நிறுத்தத்துக்குப் போனபோது. அமீனா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். நிறுத்தத்தில் சைக்கிள் குறைந்து மோட்டார் வண்டிகள் நிறைந்திருந்தன.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு கீறல நீங்க போடலன்னு சொன்னீங்க. பாட்டில தொடலன்னு ஏன் சொல்லல?"

பல்லிடுக்குப் பாக்கை நாக்கால் புரட்டினார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"சாமி மலையப் பாத்துக்கிட்டு பொய் சொல்ல முடியுமா?"

விஷயம் இதுதான். கீறாத கூண்டு வந்து, பாட்டில் சுத்தமாக இருந்த அந்த மாதங்களில் ஒரு நாள். கோடைக்காலம். கேஸுக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் வேப்ப மரத்தடியில் மயங்கி விழுந்துவிட்டாள். பானை காலி. குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அமீனாவின் சைக்கிள்.

"எடுத்தேன். மூஞ்சில அடிச்சேன், மீதிய குடிக்க வச்சேன். அந்தப் பொண்ணு எழுந்து ஒக்காந்துச்சு. அப்பறம்தான் எனக்கு மயக்கம் வந்துச்சு. இது யார் பாட்டில்? கொழாயில தண்ணி வந்ததும் ஓடிப்போய் புடிச்சேன். கையில தூக்கினப்ப எவ்ளோ கனம் இருந்துச்சோ அவ்ளோ ஊத்தி, தொடச்சி, பூ மாதிரி உள்ள வச்சேன்."

"அவரு கண்டுபிடிக்கலையா?"

"சாயந்தரம் வந்தாரு. உருவினாரு. வெயில்ல காட்டி சுத்திச் சுத்திப் பாத்தாரு. நா இங்க செத்துக்கிட்டு இருக்கேன். 'ஒண்ணும் இல்ல'ன்னாரு. மடமடன்னு குடிச்சாரு. கோர்ட் கொழாத் தண்ணி, சார்! நாயி கூட மோந்து பாத்துட்டுப் போவும். மறுநாள் அவரு வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்கல."

"வந்தாரா?"

"எப்பவும் வர்றத விட சீக்கிரம் வந்தாரு."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்:

"கொழாத் தண்ணி மட்டும்தான ஊத்தினீங்க?"

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். "அந்தாளோட டீ குடிக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்," என்றார். "தொத்திக்கிச்சு பாருங்க."

ஊரை விடுவதற்கு முன் ஒருநாள் விடிகாலையில் கிரிவலப் பாதையில் அவரைப் பார்த்தேன். ஒரு கல் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். முதுகு தூணில். சைக்கிள் கையெட்டும் தூரத்தில். கூண்டில் அதே நீல பாட்டில். தோளில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன, வேறு எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கூண்டு சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தது.

என்னை அடையாளம் கண்டார், உட்காரச் சொல்லவில்லை, ஆனால் போகவும் சொல்லவில்லை. ஓய்வு, பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் ஒவ்வொரு வரியில் முடிந்தது. பிறகு கூண்டைத் தட்டிக் காட்டினார்.

"எத்தினி பேரு சிரிச்சாங்க. விபூதி பூசறான், பைத்தியம்னாங்க. இது மாட்டின நாள்லேந்து என் தண்ணில ஒருத்தன் கை வச்சதில்ல. அதனாலதான் உசுரோட இருக்கேன்."

அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? ஒரு கர்ப்பிணிப் பெண் அவர் தண்ணீரில் பிழைத்தாள் என்று சொன்னால், அவருக்கு மிச்சமிருக்கும் வருடங்களில் ஒரு மடக்கு தண்ணீர்கூட நிம்மதியாக இறங்காது. ஓய்வு பெற்றவர் புகாரும் நாசர் காதுக்கு எட்டும் என்பதால், அந்த அம்மாளின் அடுப்பும் என் நாக்கில்தான் இருந்தது.

"ஆமாங்க," என்றேன். "ஒருத்தரும் கை வச்சதில்ல."

அவர் பாட்டிலைக் கூண்டிலிருந்து இடது கையால் உருவினார். காப்பு இப்போது மறுபடி வலது கையில் இருந்தது. மூடியைத் திறக்கப் போனவர் நிறுத்தி, என் முகத்தை, அந்தக் காலத்தில் பாட்டிலைப் பார்த்த மாதிரி, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்.

"எல்லாத்துக்கும் குறுக்குக் கேள்வி கேக்கற ஆளாச்சே நீங்க," என்றார். "இதுக்கு மட்டும் ஏன் உடனே ஆமாங்கறீங்க?"

பாட்டிலைத் திறக்காமல், என் கைக்கு எட்டாதபடி தனக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.